பொம்மனஹள்ளிக்கு வண்டி பார்க்கப் போனோம்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் பேருந்து ஜூஜூவாடியைத் தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து மாறிவிடும். சாலையோரத் தொழில் மாறாது. அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் தகரக் கூரைகள், உயர்ந்த சுற்றுச்சுவர்கள், உள்ளே போகக் காத்து நிற்கும் லாரிகள். அந்த லாரிகளில் இரும்புத் தகடு இருக்கும், பிளாஸ்டிக் குருணை இருக்கும், துணிப் பொதியும் காகித ரீலும் இருக்கும். எதுவும் ஆள் கையால் தூக்கக்கூடிய எடை இல்லை. அவற்றை இறக்கி அடுக்குகிற வண்டி சுவருக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே தேய்ந்து போகிறது. சாலையில் போகிறவர் அதைப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு வண்டியைத் தேடித்தான் நாங்கள் கிளம்பினோம்.

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஓசூர் சிப்காட்டில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறார். அவருக்குக் கிராஃப்ட் காகித ரீல் உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிறது. ஒரு ரீல் எழுநூறு கிலோ இருக்கும், சில ஒரு டன்னைத் தொடும். லாரியின் பின்பலகையைத் திறந்து, கீழே பழைய டயர்களைப் பரப்பி, ரீலை உருட்டித் தள்ளுவார்கள். டயரில் விழுந்து எழும்பும் ரீல் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு பையனின் கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, நடையில் சாய்வு தங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க மாமா சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். ஃபோர்க்லிஃப்ட் வாங்கியே தீர வேண்டும் என்ற முடிவு அப்போது எடுத்தது.

மூன்று டன் தூக்கும் டீசல் வண்டியைப் புதிதாக வாங்கப் போனால் பத்து லட்சம் தாண்டும், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற இடம் அதைத் தாங்காது. மாத வாடகைக்கு எடுக்கலாம் என்றால், நாள் முழுக்க வேலை இருக்கிற இடத்துக்குத்தான் அது கட்டும். மிச்சமிருப்பது செகண்ட் ஹேண்ட். பெங்களூரைச் சுற்றியுள்ள பெரிய கிடங்குகளும் ஆலைகளும் ஒப்பந்தம் முடிகிறபோது வண்டிகளை மொத்தமாக மாற்றுகின்றன. கழித்த வண்டிகள் நகரத்தின் தொழில் பகுதிகளில் உள்ள வியாபாரிகளிடம் வந்து நிற்கின்றன. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஓசூர் ரோட்டுப் பொம்மனஹள்ளி.

மாமாவையும் என்னையும் விட இந்தப் பயணத்துக்கு முக்கியமானவர் மூன்றாவதாக வந்தவர். தருமபுரிக்காரர். ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலையில் நெடுங்காலம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், இப்போது மாமாவிடம் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டியைத் தான் பார்த்துச் சரி என்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். "மேல உட்காரப் போறவன் நான்தானுங்க. பாக்கறதையும் நானே பாக்கறேன்." அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். தோளில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தார். உள்ளே வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் டேப், டார்ச், சாக்பீஸ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். மாமாவின் சட்டைப்பையில் ஒரு சீட்டு: தொழிற்கூடத்து ஷட்டரின் உயரம், ரீல் அடுக்கும் இடத்தின் உயரம், இரண்டு அடுக்குக்கு நடுவே உள்ள வழியின் அகலம். இந்த மூன்று அளவும் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதில் பயனில்லை. வண்டியின் முன்னால் நிற்கும் தூக்குச் சட்டமான மாஸ்ட் இறங்கி நிற்கும்போதே இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். ஷட்டருக்குள் நுழையாத வண்டியை விலை பேசி என்ன செய்வது?

பொம்மசந்திராவில் பேருந்தை விட்டு இறங்கி மெட்ரோ ஏறினோம். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்த மஞ்சள் தடம் இது. பொம்மசந்திராவிலிருந்து ராஷ்ட்ரீய வித்யாலயா ரோடு வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 16 நிலையங்கள். 2010-இல் சில்க் போர்டுப் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலை வந்தபோது, கணினி நிறுவனங்களுக்குக் காரில் போகிறவர்கள் பிழைத்தார்கள். கூட்லு கேட்டிலும் பொம்மனஹள்ளியிலும் வேலை இருக்கிறவர்கள் அதன் நிழலில் புகைக்குள் ஊர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கென்று வந்த முதல் நல்ல வழி இந்த ரயில் என்பேன். பெட்டிக்குள் பார்த்தால் தெரியும்: கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற இளைஞர்களுக்கு நடுவே சாப்பாட்டுப் பையோடு துணி ஆலைப் பெண்கள், கருவிப் பெட்டியோடு ஃபிட்டர்கள்.

சாலையில் தெரியாதது ரயிலில் தெரிந்தது. சுற்றுச்சுவர்களுக்கு மேலே போகிறோம் அல்லவா, முற்றங்கள் எல்லாம் கீழே திறந்து கிடந்தன. ஹெப்பகோடி தாண்டியதிலிருந்து அண்ணன் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "அது கோத்ரெஜ். அது டொயோட்டா, போன வருஷ மாடல் மாதிரி இருக்கு. அவன் பாருங்க, லோடை மேல தூக்கி வெச்சுக்கிட்டே திரும்பறான், தப்பு." ஒரு தொழிலைக் கற்றவர் எத்தனை உயரத்திலிருந்தும் அதன் பிழையைப் பார்த்துவிடுகிறார். சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துத்தான் வண்டி நகர வேண்டும். மேலே தூக்கியபடி வளைந்தால் எடையின் மையம் உயர்ந்து வண்டி பக்கவாட்டில் சாயும். ஃபோர்க்லிஃப்டில் உயிர் போகிற விபத்துகளில் இது கொடியது. சாயும்போது ஓட்டுநர் குதிக்கப் பார்ப்பார், தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டு அவர் மேலேயே விழும். பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வண்டிக்குள்ளேயே இருப்பவர் பிழைப்பார். இதை ரயிலில் அண்ணன் எங்களுக்கு நடித்தே காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் இருவர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொம்மனஹள்ளி நிலையத்தில் இறங்கிக் கீழே வந்தால் ஒரு பழைய ஊரும் ஒரு தொழிற்பேட்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது தெரியும். 2007-இல் பெருநகர மாநகராட்சி உருவாகும்வரை இது தனி நகராட்சி. இன்று பெங்களூரின் ஒரு பகுதி, ஆனால் சந்துகளுக்குள் ஊரின் நெரிசல் அப்படியே இருக்கிறது. தரைத்தளத்தில் லேத் பட்டறை, முதல் மாடியில் தையல் யூனிட், மொட்டை மாடித் தகரக் கூரைக்குள் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகளின் குடியிருப்பு. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே டீக்கடை வாசலில் கேட்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் இங்கே தலைமுறையாக இருக்கிறார்கள்.

2016 ஏப்ரல் 18 அன்று இந்த ஓசூர் ரோட்டில்தான் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டுகிற பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதிக்கு எதிராக. தையல் எந்திரத்தில் 58 வயதுவரை எத்தனை பேர் இருப்பார்கள்? வேலை விட்டு வேலை மாறும்போதும், பிள்ளை பள்ளியில் சேரும்போதும், வீட்டில் நோய் வரும்போதும் எடுக்கிற பணம் அது. பெரிய சங்கம் எதுவும் முன்னின்று அழைக்காத போராட்டம். மறுநாள் நகரத்தின் வேறு தொழிற்பகுதிகளுக்கும் பரவியது. அந்த நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. வண்டி பார்க்க வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் தேடுகிற வண்டி இவர்கள் நடக்கிற வழியில்தான் ஓடுகிறது. துணிப் பொதியை ஏற்றிக்கொண்டு திரும்புகிற ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னால் சாப்பாட்டு மணி அடித்ததும் நூறு பேர் நடக்கிறார்கள். எந்திர இரைச்சலில் ஹாரன் கேட்காது. ரிவர்ஸ் எடுக்கும்போது தரையில் நீல விளக்கு வட்டம் விழுகிற ஏற்பாடு அதற்காக வந்தது. அண்ணனின் பட்டியலில் ரிவர்ஸ் பஸ்ஸரும் நீல விளக்கும் முதலிலேயே இருந்தன.

வியாபாரியின் யார்டு பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் கறுப்பாக எண்ணெய் ஊறிய மண். உள்ளே இரண்டு வரிசையாக வண்டிகள், சில புதுப் பெயின்டில் பளபளவென்று, சில வந்த கோலத்திலேயே. கோத்ரெஜும் வோல்டாஸும் அதிகம், பக்கத்தில் டொயோட்டா, ஏ.சி.இ. வோல்டாஸ் தன் ஃபோர்க்லிஃப்ட் பிரிவை 2011-இல் ஜெர்மனியின் கியோன் குழுமத்தோடு கூட்டு நிறுவனமாக்கியது. பழைய வோல்டாஸ் வண்டிகள் இன்னும் ஊரெல்லாம் ஓடுகின்றன, உதிரிபாகம் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சிறிய செய்தி இல்லை. வெளிநாட்டு வண்டி மலிவாகக் கிடைத்து, ஒரு ஹைட்ராலிக் சீல் வர இரண்டு மாதம் காத்திருந்தவர்களை ஓசூரில் பார்த்திருக்கிறேன்.

வியாபாரி அறுபதைத் தாண்டியவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். "வாங்க சார், நோடி, இதோட எஞ்சின் ஃபுல் ஓவர்ஹால். ஏறி ஓட்டிப் பாருங்க." அவர் காட்டியது வரிசையில் முதலில் நின்ற மஞ்சள் வண்டி. மூன்று டன். பெயின்டில் முகம் தெரிந்தது. விலை ஐந்தே முக்கால் லட்சம்.

அண்ணன் ஏறவில்லை. வண்டியின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

ஃபோர்க்லிஃப்ட் தூக்குவது எஞ்சினால் என்று பலர் நினைக்கிறோம். எஞ்சின் பம்பைச் சுற்றும், எண்ணெய் சிலிண்டரை ஏற்றும், அதெல்லாம் சரி. ஆனால் மூன்று டன் சுமையை முன்னால் ஏந்திக்கொண்டு வண்டி குப்புற விழாமல் நிற்பது பின்னால் உள்ள வார்ப்பிரும்புப் பாரத்தால். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தின் கணக்குத்தான். முன்சக்கர அச்சு நடுத் தாங்கல், ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் வண்டியின் எடை. ஆகையால் எவ்வளவு எடை என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். மூன்று டன் என்று எழுதியிருந்தால், சுமையின் மையம் அதை ஏந்தும் இரும்புக் கையான ஃபோர்க்கின் நிற்கும் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போது மூன்று டன் என்று பொருள். அச்சுக்கும் ஃபோர்க் முகத்துக்கும் 475 மில்லிமீட்டர் இருக்கிற வண்டியில், சுமையின் மையம் 700 மில்லிமீட்டருக்குத் தள்ளிப் போனால் அதே வண்டி இரண்டரை டன்தான் தாங்கும். ரீலைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டினால் கிளாம்பின் எடையும் அது தள்ளி வைக்கிற தூரமும் சேர்ந்து இன்னும் குறையும். இந்த விவரமெல்லாம் வண்டியில் ஒரு தகட்டில் பொறித்திருக்கும். அந்தத் தகட்டைப் படிக்காமல் "மூணு டன் வண்டி" என்று பேசுவது வெறும் பேச்சு.

இந்த மஞ்சள் வண்டியில் அந்தத் தகடே இல்லை. ரிவெட் இருந்த நான்கு துளைகள் மட்டும் பெயின்டுக்கு அடியில் தெரிந்தன. அண்ணன் பின்பாரத்தின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். நேராக அடித்தபோது வழவழப்பாக இருந்த இடம் சாய்வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. பட்டி பார்த்து அடைத்த இடங்கள். விரலால் தட்டினார், சத்தம் மாறியது. "எக்ஸ்ட்ரா பிளேட் போல்ட் போட்டு மாட்டி ஓட்டியிருக்காங்க. வெச்சது தூக்கலைன்னு பின்னால வெயிட் ஏத்தியிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் அதன் கொடுமை புரிந்தது. பின்னால் எடை கூட்டினால் வண்டி குப்புற விழாது, அதிகமாகத் தூக்கும். ஆனால் முன் அச்சு, டயர், மாஸ்ட், சங்கிலி, பிரேக் எதுவும் அந்த எடைக்குச் செய்யப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மேல் இழுத்த இரும்பு எங்கே மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்று பட்டறையில் பிரித்துச் சோதித்தால்தான் தெரியும். அந்த விரிசல் உடைகிற நாளில் மேலே உட்கார்ந்திருப்பவர் வேறு யாரோ. முதலில் ஓட்டியவரும் இல்லை, தகட்டைக் கழற்றியவரும் இல்லை. தயாரித்தவரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஃபோர்க்லிஃப்டின் எடையையோ கூண்டையோ மாற்றக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

வியாபாரி மறுக்கவில்லை. "நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு," என்றார். நாங்கள் அடுத்த வண்டிக்கு நகர்ந்தோம்.

அடுத்தது மின்சார வண்டி, இரண்டு டன். பெங்களூருக்கும் மின்சார வண்டிக்கும் பழைய உறவு உண்டு. 2001-இல் வந்த ரேவா கார் இதே சாலையில் பொம்மசந்திராவில் செய்யப்பட்டது, அதைச் செய்த மைனி குடும்பத்தின் நிறுவனம் ஆலைக்குள் ஓடும் மின்வண்டிகளையும் செய்துவந்தது. மூடிய கூடத்துக்கு மின்சாரம்தான் சரி என்று நான் நினைக்கிறேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஜன்னல் இல்லாத கிடங்கில் எட்டு மணிநேரம் அந்தப் புகையைச் சுவாசிப்பவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பழைய மின்சார வண்டி என்றால் வாங்குவது பேட்டரியைத்தான். 48 வோல்ட் என்றால் இரண்டு வோல்ட் செல் 24. ஈய அமில பேட்டரி சுமார் 1,500 முறை சார்ஜ் ஏறி இறங்கும், அதற்கு மேல் நாளுக்கு நாள் சோர்ந்து போகும். முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.280 பக்கம் இருக்க வேண்டும். அண்ணன் யார்டு பையனிடம் ஹைட்ரோமீட்டர் வாங்கி ஒவ்வொரு செல்லாகப் பார்த்து, எண்ணைச் சாக்பீஸால் மூடியின் மேல் எழுதிக்கொண்டே போனார். நாலைந்து செல்கள் மற்றவற்றைவிட நன்றாக இறங்கியிருந்தன. அந்தச் செல்களை மட்டும் மாற்றித் தருவதாக வியாபாரி சொன்னார். பழைய செல்களுக்கு நடுவே புதுச் செல் போட்டால் இரண்டும் ஒத்துப் போவதில்லை என்று அண்ணன் மறுத்துவிட்டார். வேறு மலிவான, எடை குறைந்த பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம்; இந்த வண்டியில் பேட்டரியும் பின்பாரத்தின் ஒரு பங்கு. மாமா ஆசையோடுதான் பார்த்தார், புது பேட்டரியின் விலையைச் சேர்த்துக் கூட்டியதும் சீட்டை மடித்துவிட்டார். எங்கள் ரீல்கள் இறங்குவது திறந்த முற்றத்தில், அங்கே டீசல் போதும். உள்ளே வெட்டும் கூடத்துக்குக் கையால் இழுக்கும் பேலட் டிரக்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது வண்டி கடைசி வரிசையில் நின்றது. பெயின்ட் அடிக்கவில்லை. இருக்கை கிழிந்து கோணி கட்டியிருந்தது. தகடு மங்கியிருந்தாலும் இடத்தில் இருந்தது; 3,000 கிலோ, 500 மில்லிமீட்டர். அண்ணன் முதலில் ரேடியேட்டரில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது. குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றில் பிடிக்கிறதா, புகை நீலமாக வந்து எண்ணெய் எரிவதைச் சொல்கிறதா என்பதெல்லாம் அந்த முதல் நிமிடத்தில்தான் தெரியும். இது பிடித்தது. கறுப்பாக ஒரு மூச்சு விட்டு, தெளிந்தது.

அவர் அதிக நேரம் செலவிட்டது ஃபோர்க்கில். எல் வடிவில் வளைந்த அந்த இரும்புக் கையின் நிற்கும் பகுதி தேய்வதில்லை. வளைவில் தொடங்கித் தரையில் உரசும் அடிப்பகுதி தேயும். நிற்கும் பகுதியைக் காலிப்பரால் அளந்தால் பிறந்த தடிமன் தெரியும். 45 மில்லிமீட்டர். வளைவில் 43. பத்தில் ஒரு பங்கு தேய்ந்து, அதாவது 40.5-க்கு வந்திருந்தால் ஃபோர்க்கைத் தூக்கி எறிய வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். வளைவைத் தாங்குகிற வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பத்து தேய்ந்தால் ஏறக்குறைய இருபது போய்விடும். வளைவைப் பனியன் வேஸ்டால் துடைத்துத் துடைத்து விரிசல் தேடினார். இல்லை. யாரும் வெல்டிங் வைத்த அடையாளமும் இல்லை. பிறகு சங்கிலி. முக்கால் அங்குலச் சங்கிலியில் 16 கண்ணி 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; மூன்று விழுக்காடு நீண்டு 314-ஐத் தொட்டால் மாற்ற வேண்டும். உருளையின் மேல் அதிகம் ஓடுகிற இடத்தில் டேப் வைத்தார். 308-ம் சொச்சமும் காட்டியது.

யார்டில் இரண்டு டன் என்று எழுதிய கான்கிரீட் கட்டை ஒன்று கிடந்தது. அதை ஆள் உயரத்துக்குத் தூக்கி, மாஸ்டில் சாக்பீஸ் கோடு போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றோம். சிலிண்டர் சீல் தேய்ந்திருந்தால் சுமை தானாகக் கீழே வரும். முழுச் சுமையோடு பத்து நிமிடத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்கிறது அமெரிக்கத் தரம். பத்து நிமிடமும் யாரும் பேசவில்லை. இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வியாபாரியே குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றார்.

குறையும் இருந்தது. பின்சக்கரங்கள்தான் ஃபோர்க்லிஃப்டைத் திருப்புபவை, இதில் பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. ஸ்டியரிங்கில் ஆட்டம் கொஞ்சம். பெல்ட் இல்லை. ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்பதாயிரம் மணி காட்டியது. ஒரு ஷிஃப்ட் ஓடும் வண்டி ஆண்டுக்கு இரண்டாயிரம் மணி சேர்க்கும். பெடல் ரப்பர் தேய்ந்திருந்த அளவோடு அந்த எண் ஒத்துப் போனது. குறைந்த எண்ணைக் காட்டி, பெடலில் ரப்பரே இல்லாத வண்டிகளும் அதே யார்டில் நின்றன.

பேரம் மதியம்வரை நீண்டது. நடுவே சிக்னல் பக்கத்துத் தர்ஷினி உணவகத்தில் நின்றபடியே சாப்பிட்டோம். கடைசியில் ஐந்து லட்சத்துக்குள் பேசி முடிந்தது: புதுப் பின் டயர், கிங்பின் வேலை, சீட் பெல்ட், பஸ்ஸர், நீல விளக்கு எல்லாம் அவர் செலவு. முதல் உரிமையாளரின் பில், சேஸிஸ் எண், வங்கிக் கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் மூன்றையும் கேட்டு வாங்கினோம். சிறு தொழில்காரர் பலர் இந்தக் கடைசிக் கடிதத்தைக் கேட்பதில்லை. வண்டி அடமானத்தில் இருந்தால் வங்கி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

மூன்று டன் தூக்கும் வண்டி தானே நாலு டன்னுக்கு மேல் எடை. அதை ஓசூர்வரை ஓட்டி வர முடியாது. வேலை முடிந்த பிறகு லாரியில் வந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சரக்கு, மாநில எல்லை தாண்டுகிறது, ஆகவே இ-வே பில். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் காலக்கணக்கு. மாஸ்டை இறக்கி, ஃபோர்க்கைப் பலகைமேல் படுக்க வைத்து, சேஸிஸில் நான்கு முனையும் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அன்று லாரியின் முன்னிருக்கையில் வந்தவர் அண்ணன்தான்.

தூக்கும் எந்திரத்தையும் சங்கிலியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில் எழுதியது. மாமாவின் தொழிற்கூடத்தில் அந்தச் சோதனை முடிந்து, சான்று சுவரில் மாட்டிய பிறகுதான் முதல் ரீல் இறங்கியது. டயர்களைப் பரப்புகிற வழக்கம் அங்கே நின்றுவிட்டது.

பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் போகிற சிறு தொழில் முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், கணக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஆனால் அதை ஓட்டப் போகிறவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் வேண்டாம் என்கிற வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதற்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.